கரியாலூர் ஏற்றமும் ஒரு கேன் மூத்திரமும்

மூத்திரத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. நாற்பத்தாறு வயது வரை நானும் அப்படித்தான் இருந்தேன். அது பாட்டுக்கு வந்தது, போனது, யார் கண்டுகொண்டார்கள்? அது நின்றுபோனால் ஒரு மனிதன் என்ன பாடு படுவான் என்பதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துதான் தெரிந்துகொண்டேன். என்னைப் போல நடுவயதில் புதிதாகச் சைக்கிளில் ஏறியிருக்கும் ஆட்கள் எங்கள் ஊர்ப் பக்கம் இப்போது நிறையத் தென்படுகிறார்கள். அவர்களுக்காகவாவது சொல்லியாக வேண்டும்.

கள்ளக்குறிச்சியில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். காரின் இடப்பக்க சீட்டில் உட்கார்ந்து, காலுக்கடியில் தனி பிரேக் ஒன்றை வைத்துக்கொண்டு, "கிளச்ச வுடு... மெதுவா... ஐயையோ, ஒரேடியா வுடாத" என்று நாள் முழுக்கக் கத்துவது தொழில். இருபது வருஷம் உட்கார்ந்தே சம்பாதித்த உடம்பு எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "பெல்ட்டு போட்டா உங்களுக்கு மூச்சு முட்டுதா, இல்ல பெல்ட்டுக்கு மூச்சு முட்டுதா?" என்று கேட்பாள் என் மனைவி தனம்.

என்னிடம் கார் ஓட்டக் கற்றவர்களில் கருணாபுரத்துப் பெயின்டர் ஒருவன் இருந்தான். சுவருக்கு வெள்ளையடித்து அலுத்துப்போய், எங்காவது டிரைவராகச் சேர்ந்துவிட வேண்டும் என்று வந்தவன். ரிவர்ஸ் எடுப்பதில் கெட்டிக்காரன். ஊரையே புரட்டிப் போட்ட சாராயச் சாவில் அவனும் போனான். ஒரு மகள், பள்ளிக்கூடம் படிக்கிறாள். என் ஆபீசுக்கு எதிரில் மொபைல் கடை வைத்திருக்கும் ஜமால் பாய் சைக்கிள் பைத்தியம். அப்பனை இழந்த அந்தத் தெருப் பிள்ளைகளின் படிப்புக்காக, நண்பர்களோடு கள்ளக்குறிச்சியிலிருந்து கன்னியாகுமரி வரை சைக்கிளில் போவதென்று அவர் முடிவெடுத்தார். ஓட்டுகிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஊர்க்காரர்கள் தங்களால் ஆனதைத் தருவார்கள். டீக்கடையில் அவர் இதைச் சொன்னபோது "நானும் வரேன் பாய்" என்றேன். கடையே சிரித்தது. டீ மாஸ்டர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னைச் சைக்கிளில் ஏற்றியது.

ஜமால் பாய் தன்னுடைய பழைய கியர் சைக்கிளைக் கொடுத்தார். முதல் வாரம் உட்காருகிற இடமே எனக்குச் சொந்தமில்லை. அதற்கென்று பஞ்சு வைத்துத் தைத்த டவுசர் ஒன்று விற்கிறார்கள். வாங்கிவந்தேன். துவைத்துக் கையில் வைத்துக்கொண்டு தனம் முழித்தாள். "இத்த எந்தக் கொடில காயப் போடறது? தெருவுல நாலு பேரு கேட்டா நான் இன்னான்னு சொல்லுவேன்?" கடைசியில் தன் பழைய புடவைக்கு அடியில் மறைத்துக் காயப் போட்டாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன் சைக்கிளில் போனால் ஊர் சும்மா இருக்குமா? "இன்னா சார், காருக்கு டியூ கட்டலியா?" என்று கேட்காதவன் பாவி.

இருந்தாலும் பழகிவிட்டது. விடிந்ததும் கச்சிராயபாளையம் வரை போய்த் திரும்பினேன். பிறகு கோமுகி அணை வரை. அணைக்கு அப்பால் கல்வராயன் மலை எழும்பி நிற்கும். ஜமால் பாயும் மற்றவர்களும் அதில் ஏறிக் கரியாலூர் போய் டீ குடித்துவிட்டு இறங்குவார்கள். நான் அடிவாரத்திலேயே திரும்பிவிடுவேன். "அவசரப்படாதீங்கண்ணே. மொதல்ல ஒரு கையால ஹேண்டில்பார புடிச்சிக்கினு தண்ணி குடிக்கக் கத்துக்கோங்க" என்று பாய் சொல்லிக்கொண்டே இருந்தார். அது எனக்கு வரவே இல்லை. ஒரு கையை எடுத்தால் வண்டி கரும்பு லாரியைப் பார்த்துத் திரும்பும். தண்ணீர் குடிக்க வேண்டுமானால் இறங்கி நின்றுதான் குடிப்பேன்.

இந்த லட்சணத்தில், பயணத்துக்குச் சில வாரங்களே இருக்கும்போது, அக்கினி நட்சத்திரத்து வெயிலில், யாரிடமும் சொல்லாமல் தனியாக மலையேறக் கிளம்பினேன். அதோடு ஒரு வைராக்கியம் வேறு: கரியாலூர் போய்ச் சேரும் வரை காலைத் தரையில் ஊன்றக் கூடாது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

அடிவாரத்தில் சோதனைச் சாவடிப் போலீஸ்காரர் என்னை நிறுத்தினார். மலையில் காய்ச்சிய சாராயம் வருகிறதா என்று இறங்குகிறவர்களைத்தான் சோதிப்பார்கள், ஆனால் ஏறுகிற என் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "தண்ணிதானா?" என்று அவருக்கே ஏமாற்றம். "இந்த வயசுல, இந்த வெயில்ல, எதுக்கு சார் மேல போறீங்க?" என்றார். "சும்மா, பயிற்சிக்கு" என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

ஏறினேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றும் 'இறங்கிடு, இறங்கிடு' என்றது. இறங்கவில்லை. பாட்டிலில் தண்ணீர் ததும்பியது, எட்டும் தூரம்தான். ஆனால் குடிக்கக் கையை எடுக்க வேண்டும், கையை எடுத்தால் கால் ஊன்ற வேண்டும். வாய் காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. வியர்வைகூட ஒரு கட்டத்தில் நின்றுபோனது. அதை நல்ல அறிகுறி என்று நினைத்துக்கொண்டேன். கரியாலூர் டீக்கடை முன் நின்றபோது தொடை இரண்டும் என்னுடையதாக இல்லை. கடைக்கார அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "பஸ்ஸு வரலியா இன்னிக்கி?" என்று கேட்டாள். சிரித்தேன். அன்றைக்கு என்னைவிடப் பெருமைக்காரன் அந்த மலையில் இல்லை.

சாயங்காலம் தொடை கல்லாக வீங்கியது. மருந்துக் கடையில் வலி மாத்திரை கேட்டேன், கொடுத்தார்கள். இரண்டிரண்டாக விழுங்கினேன். மறுநாள் காலையில் மூத்திரம் போனபோதுதான் பார்த்தேன். கடுங்காப்பி நிறம்.

எங்கள் பக்கத்தில் மூத்திரம் நிறம் மாறினால் டாக்டரிடம் ஓடுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. ஒரு கிண்ணத்தில் பிடித்து, அதில் நாலு சோற்றுப் பருக்கையைப் போட்டு வைப்பார்கள். பருக்கை மஞ்சளாகிவிட்டால் காமாலை. தனத்தின் தம்பி குமரேசன் மணலூர்பேட்டையில் கரும்பும் தென்னையும் வைத்திருப்பவன். என்மேல் உயிரையே வைத்திருப்பவன். சேதி கேட்டதும் பைக்கில் பறந்து வந்து, அவனே பருக்கையைப் போட்டான். மூவரும் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். பருக்கை மஞ்சளாகவில்லை. புளிச்சோறு மாதிரி பழுப்பாக ஆனது.

"மஞ்சளாவலியேடா" என்றாள் தனம்.

"மஞ்சளத் தாண்டிப் போச்சுக்கா. முத்துன காமாலை" என்று தீர்ப்புச் சொன்னான் குமரேசன்.

அதற்குமேல் அப்பீல் ஏது? அவனுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கீழாநெல்லியை அரைத்து ஆட்டுப்பாலில் கலந்து கொடுப்பார்கள். போய்க் குடித்தேன். உப்பு கூடாது, எண்ணெய் கூடாது. முக்கியமாக ஊசி போடவே கூடாது, காமாலைக்காரனுக்கு ஊசி போட்டால் உயிர் போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆக ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்கவில்லை. உப்பில்லாத மோர்ச்சோறு தின்றுகொண்டு வீட்டில் கிடந்தேன். தொடை வலிக்கு மட்டும் மாத்திரை போட்டுக்கொண்டேன். அது ஊசி இல்லையே!

நாளாக நாளாக மூத்திரம் கம்மியானது. "மருந்து வேலை செய்யுது மாமா" என்றான் குமரேசன். கெட்டது குறைகிறது என்று நானும் மகிழ்ந்தேன். பிறகு அறவே நின்றது. முகம் உப்பியது. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. படுத்தால் மூச்சு வாங்கியது.

தனம் என் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். "கண்ணு தும்பப்பூவாட்டம் வெள்ளையா இருக்கு. இன்னா காமாலைடா இது?" என்று தம்பியைக் கேட்டாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "வாய மூடு. ஊசி போட்டு செத்தா சாவட்டும், போடாம சாவக் கூடாது" என்று சொல்லிவிட்டு ஜமால் பாய்க்குப் போன் போட்டாள். அவர் என் டிரைவிங் ஸ்கூல் காரையே எடுத்துக்கொண்டு வந்தார். மேலே 'எல்' போர்டு இருந்ததால் எதிரில் வந்த வண்டியெல்லாம் பயந்து ஒதுங்கியது. ஆம்புலன்சுக்குக்கூட அப்படி வழி கிடைத்திருக்காது.

அவசரப் பிரிவில் டாக்டர் "என்ன ஆச்சு?" என்று கேட்டார். குமரேசன் முந்திக்கொண்டான். "மலைக்குப் போயிட்டு வந்தாரு சார். அப்போலேர்ந்து ஒடம்பு செரியில்ல. வாந்தி எடுத்துக்கினே இருக்காரு."

அங்கிருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். எங்கள் ஊரில் அந்த வாக்கியத்துக்கு ஒரே அர்த்தம்தான், சாராயம். இரண்டு நர்சுகள் ஓடிவந்தார்கள். ஒருவர் கண்ணில் டார்ச் அடித்தார். இன்னொருவர் விரலை நீட்டி, "இது எத்தனை? நல்லாத் தெரியுதா?" என்றார். டாக்டர் குனிந்து, "எங்க குடிச்சீங்க? கூட யார் யார் குடிச்சாங்க?" என்று கேட்டார். நான் இல்லை இல்லை என்று தலையாட்டத் தலையாட்ட, அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"என் வூட்டுக்காரரு கோயில் தீர்த்தத்தையே மோந்து பாத்துட்டுக் குடிக்கிற ஆளு!" என்று தனம் போட்ட சத்தத்தில் வராண்டாவே திரும்பியது. "சைக்கிள்ல போனாருங்க, சைக்கிள்ல!" டாக்டர் அவளையும் என் தொப்பையையும் மாறி மாறிப் பார்த்தார். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒருமுறை அத்தனை சாவைப் பார்த்த ஊர், அப்படித்தான் கேட்கும், கேட்கவும் வேண்டும்.

ரத்தம் எடுத்தார்கள், வயிற்றை ஸ்கேன் பார்த்தார்கள், மறுபடி ரத்தம் எடுத்தார்கள். கிட்னி டாக்டரம்மா வந்து கட்டில் ஓரத்தில் நின்றார். சின்ன வயசு, நிதானமான பேச்சு. நோயின் பெயர் ராப்டோமயோலிசிஸ். என் வாயில் அது இன்றுவரை முழுசாக நுழைந்ததில்லை. அவர் எனக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். பழக்கமில்லாத உடம்பை வெயிலில், தண்ணீரில்லாமல், அளவுக்கு மீறி வேலை வாங்கினால் தசை நைந்துபோகும். நைந்த தசையிலிருந்து ஒரு சிவப்புப் பொருள் ரத்தத்தில் கலந்து கிட்னிக்குப் போகும். கிட்னி ஒரு சல்லடை. "ஆலையில கரும்புச்சாறு வடிகட்டுற இடத்துல சக்கை அடைச்சிக்கிட்டா என்ன ஆகும்? அதேதான்" என்றார். கடுங்காப்பி நிறத்துக்குக் காரணம் அந்தத் தசைச்சாறு. காமாலையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வலி மாத்திரை அடைத்த கிட்னியை இன்னும் அழுத்தியிருக்கிறது.

சைக்கிள்காரர்களே, இதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கையால் ஓட்டத் தெரியாவிட்டால் இறங்கி நின்று குடியுங்கள். காலைத் தரையில் ஊன்றுவதால் மானம் போகாது. கடுமையாக ஓட்டிய பிறகு மூத்திரம் கறுத்தால், சோற்றுப் பருக்கையைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

"கிரியாட்டினின் ரொம்ப ஏறியிருக்கு. கிட்னி வெளியேத்த வேண்டிய கழிவு ரத்தத்துலயே நிக்குது. டயாலிசிஸ் பண்ணணும்" என்றார் டாக்டரம்மா.

"ஆயுசு பூராவாங்க?" என்று கேட்டாள் தனம். நான் கேட்கப் பயந்த கேள்வி.

"இப்ப சொல்ல முடியாதும்மா. கிட்னி தூங்குது. நிறையப் பேருக்கு சில வாரத்துல எழுந்துடும். யூரின் வர ஆரம்பிச்சா எழுந்துடுச்சுன்னு அர்த்தம்." ரிப்போர்ட்டை மடித்தார். "சிலருக்கு எழுந்திருக்காது. இவர் வந்ததும் லேட்."

கழுத்தில் மரத்துப்போக ஊசி போட்டு ஒரு குழாயைச் செருகினார்கள். வலியைவிட, என் ரத்தம் சிவப்பாகக் குழாய்க்குள் ஓடி மெஷினுக்குள் போவதைப் பார்த்ததுதான் பயம். கண்ணை மூடிக்கொண்டேன். தனம் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மெஷின் ரத்தத்தைக் கழுவி இன்னொரு குழாய் வழியாகத் திருப்பி அனுப்பும். முடிய நாலு மணி நேரம் பிடிக்கும். முடிந்ததும் உடம்பு துவைத்துப் பிழிந்த துணி.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் அந்த அறைக்குப் போனேன். பக்கத்துக் கட்டில் ஏழுமலை அண்ணனுடையது. கருணாபுரத்துக்காரர், ஒரு காலத்தில் மண்டியில் மூட்டை தூக்கியவர். சர்க்கரை நோய் இரண்டு கிட்னியையும் தின்றுவிட்டது, மூத்திரம் அறவே நின்றுபோனது. மூன்று வருஷமாக, வாரத்துக்கு மூன்று நாள், ஷேர் ஆட்டோவில் தனியாக வந்து, கையில் ஊசி குத்திக்கொண்டு படுத்து, எழுந்து, தனியாகப் போவார். "எங்க தெருன்னு சொன்னாலே எல்லாரும் வாய மோந்து பாக்கறான். நான் டீகூட குடிக்க மாட்டன்யா" என்பார். நான் வந்த கதையைக் கேட்டு மெஷின் ஆடும்படி சிரித்தார். அன்றிலிருந்து நான் 'சைக்கிளு'.

"இன்னா சைக்கிளு, வந்துச்சா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி, ஒவ்வொரு தடவையும்.

"இல்லண்ணே."

"வரும் வரும். எங்க போயிடப் போவுது" என்பார். பிறகு சினிமாக் கதை பேசுவார். கதாநாயகன் ஜெயிக்கிற இடம் வருவதற்குள் தூங்கிவிடுவார்.

காப்பீட்டு அட்டை இருந்தது, பெரிய செலவு அதில் போனது. ஸ்கூல் பூட்டிக்கிடந்ததும் வெளியே வாங்கிய மருந்துகளும்தான் கையைக் கடித்தன. ஆனால் காசுக் கவலையையும் மிஞ்சியது தாகம். மூத்திரம் போகாதவன் குடிக்கிற தண்ணீர் நுரையீரலில் சேரும். அதனால் நாளைக்கு இத்தனை டம்ளர்தான் என்று கணக்கு. தனம் பிள்ளைக்குப் பால் புகட்டும் சங்கு மாதிரி ஒரு சின்ன டம்ளரில் ஊற்றிக் கொடுப்பாள். மீறிக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மலையில் குடிக்காத தண்ணீரை எல்லாம் சேர்த்து நினைத்து நினைத்து ஏங்கினேன். பார்க்க வந்த மாணவன் ஒருவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் எதிரில் மடக் மடக்கென்று குடித்துவிட்டு, "சார், ரிவர்ஸ்ல எப்ப ஸ்டீயரிங்க ஒடிக்கிறதுன்னு ஒரு சந்தேகம்" என்றான். அவனைக் கொன்றிருப்பேன். கழுத்தில் குழாய் இருந்ததால் பிழைத்தான்.

அப்படித் தவித்துக்கொண்டிருந்தபோது தனம் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்துக் குமரேசன் வந்தான், கையில் பெரிய தூக்கு.

"மாமா, நம்ம மரத்து எளனி. ஒரே மூச்சுல குடிச்சிருங்க."

"டேய், தண்ணி குடிக்கக் கூடாதுடா."

"தண்ணிதான குடிக்கக் கூடாதுன்னாங்க? இது எளனி! ஒடம்பு சூட்டுக்குத்தான மூத்திரம் வரல, இது போனா தானா எறங்கும்." அவன் கண்ணில் தண்ணீர். "பாத்துக்கினு சும்மா இருக்க முடியல மாமா."

எனக்கு அவன் சொன்னது சட்டமாகப் பட்டது. குடித்தேன். அமிர்தம் என்பார்களே, அன்றைக்குத்தான் தெரிந்தது. தூக்கைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

கொஞ்ச நேரத்தில் கைகால் துவண்டது. நெஞ்சு ஒரு துடிப்பு துடித்து, ஒன்றை விட்டு, அடுத்ததைத் துடித்தது. சிஸ்டர் ஓடிவந்து ஈசிஜி எடுத்தார், டாக்டரம்மா ஊசியோடு வந்தார். "என்ன குடுத்தீங்க? சீக்கிரம் சொல்லுங்க!" குமரேசன் காலித் தூக்கை நீட்டிக் காட்டினான். "எளனிதாங்க... எளனி மட்டுந்தாங்க..."

பொட்டாசியம் என்று ஒரு உப்பு. இளநீரில் அது ஏராளம். நல்ல கிட்னி வேண்டாததைத் தள்ளிவிடும், தூங்குகிற கிட்னி தள்ளாது. அது ரத்தத்தில் ஏறினால் இதயம் தாளம் தப்பும், நின்றும் போகும். என்னை உடனே மெஷினில் போட்டார்கள். நம் ஊரில் நோயாளியைப் பார்க்க வருகிறவன் வேறு என்ன வாங்கி வருவான்? இளநீரும் சாத்துக்குடியும்தான். இரண்டுமே எனக்கு விஷம்.

தனம் தம்பியை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அவனைக் கொன்றது. அதற்குப்பின் அவன் வார்டுக்குள் வரவே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, என்னைப் பார்க்க வருகிறவர்களை எல்லாம் மறித்தான். "எளனியா? உள்ள போவாது. குடுங்க இப்டி." வாங்கி வைத்த காய்களை அவனே சீவி, பஸ்சுக்கு நிற்கிற ஜனங்களுக்குக் கொடுத்தான். வாட்ச்மேன் அந்த நாட்களில் இளநீர் குடித்தே நன்றாகப் பூரித்துவிட்டார். ஜன்னல் வழியாகக் குமரேசனின் வெள்ளைச் சட்டை தெரியும். அவனைப் பார்த்தால் எனக்குக் கோபமே வராது, அழுகைதான் வரும்.

சைக்கிள் பயணம் கிளம்பும் நாள் வந்தது. ஜமால் பாய் ஹெல்மெட்டோடு வார்டுக்கு வந்து நின்றார். "நான் ஒரு கிலோமீட்டர்கூட வரல பாய். அந்தப் பெயின்டரு பொண்ணு படிப்புக்குன்னு நான் சொன்ன வாக்கு..." என்றேன். "உங்க பங்க நாங்க மிதிக்கறோம்ணே. நீங்க மொதல்ல மூத்திரம் பேயுங்க" என்றார். பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் போனபின் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அன்றைக்குத்தான் தனத்திடம் கேட்டேன். "வராமலே போயிட்டா?"

அவள் என் உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "வரலன்னா மெஷினு இருக்கு. வாரத்துல மூணு நாளு நானும் வந்து உக்காந்துக்கறேன். எனக்கு மட்டும் வூட்டுல இன்னா கலெக்டர் வேலையா?" என்றாள். துண்டைப் பிழிந்தாள். "ஏழுமல அண்ணனுக்குப் பேச்சுத்துணை வேணும்ல?"

எவ்வளவு பயந்துபோயிருந்தேன் என்பது அந்தப் பதிலுக்குப் பிறகுதான் எனக்கே தெரிந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை, அன்றைக்கும் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். அவள் இல்லாமல் நான் இல்லை.

அதன்பின் ஒரு நாள் காலையில் இரண்டு ஸ்பூன் அளவுக்கு வந்தது. துரு நிறம். டாக்டரம்மா, "நம்பிக்கை வைக்கலாம், கொண்டாட வேண்டாம்" என்றார். மறுநாள் ஒன்றுமில்லை. அதற்கடுத்த நாள் மறுபடி கொஞ்சம். தனம் மூத்திரம் பிடிக்கும் கேனைத் தூக்கிப் பார்ப்பதும், உதட்டைப் பிதுக்குவதும், கழுவி வைப்பதுமாக இருந்தாள்.

ஒரு டயாலிசிஸ் நாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, ஏழுமலை அண்ணன் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அடிவயிற்றில் என்னமோ கனத்தது. மறந்துபோன கனம். கொஞ்ச நேரம் அது என்னவென்றே பிடிபடவில்லை.

"தனம்... கேனு... கேன எடு!"

அவள் திரையை இழுத்துவிட்டுக் கேனை வைத்தாள். வந்தது. நிற்காமல் வந்தது. கேனில் விழுந்த சத்தம் அந்த அறைக்கே கேட்டிருக்கும். திரைக்கு அந்தப் பக்கம் ஏழுமலை அண்ணன் கதையை நிறுத்திவிட்டார். தனம் கேனை வெளிச்சத்தில் பிடித்தாள். இளம் வைக்கோல் நிறம். "ஐயோ... ஐயோ..." என்றாள், அவ்வளவுதான் வாயில் வந்தது. எனக்குக் கண்ணிலிருந்தும் கொட்டியது.

திரையை விலக்கிக்கொண்டு சிஸ்டரைக் கூப்பிடப் போனவளை ஏழுமலை அண்ணன் நிறுத்தினார்.

"காட்டுமா."

"இல்லண்ணே, அசிங்கம்..."

"எனக்கின்னாம்மா அசிங்கம்? குடு இப்டி."

ஊசி குத்தாத கையை நீட்டினார். தனம் தயங்கிவிட்டுக் கேனைக் கொடுத்தாள். அவர் வாங்கி நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார். உள்ளே பார்த்தார். உள்ளங்கையை விரித்துக் கேனைச் சுற்றி வைத்தார்.

"சுடுது" என்றார். எங்களைப் பார்த்துச் சிரித்தார். "சூடாத்தான இருக்கும்? எனக்கு மறந்தே போச்சு."

தனம் கேனைத் திருப்பிக் கேட்கவில்லை. சிஸ்டர் வந்து அளந்து எடுத்துக்கொண்டு போகும் வரை அது அவர் கையிலேயே இருந்தது.